மெமு ரயில் ஏன் தனி வகை?

கேள்வி இதுதான்: சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வரை ஓடும் புறநகர் மின்சார ரயிலும், விழுப்புரம், காட்பாடி, திருவண்ணாமலை பக்கம் ஓடும் மெமு (MEMU, அதாவது நெடும்பாதைகளுக்கான மின்தொடர் வண்டி) ரயிலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் தனி இஞ்சின் கிடையாது, இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, மேலே செல்வதும் ஒரே 25 கிலோவோல்ட் மின்கம்பி. அப்படியிருக்க மெமு என்று தனியாக ஒரு வகை எதற்கு? புறநகர் ரயிலையே விழுப்புரம் வரை நீட்டித்துவிட்டால் என்ன?

இரண்டும் மின்சாரத்தைப் பயன்படுத்தும் விதத்தில் நெருங்கிய உறவினர்கள். ஆனால் பெட்டியின் அகலம், வாசலின் அமைப்பு, உள்ளே இருக்கும் வசதி, வேகத்தை எட்டும் விதம் ஆகியவற்றில் அவை வேறு வேறு தேவைகளுக்காகச் செய்யப்பட்டவை. அந்தத் தேவைகளைத் தீர்மானித்தவை அந்தந்தப் பாதையின் நடைமேடைகளும், நிலையங்களுக்கு இடையிலான தூரமும், அதே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற ரயில்களுமே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் அகலத்தைப் பார்ப்போம், ஏனெனில் நீட்டிப்புக் கோரிக்கைக்குப் பெரும் தடையாக நிற்பது அதுதான். அகலப் பாதையில் ஓடும் வழக்கமான விரைவு ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3,250 மி.மீ. மெமு பெட்டியும் அதே அளவில்தான் கட்டப்படுகிறது. மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் புறநகர் ரயில் பெட்டியின் அகலமோ 3,660 மி.மீ.; அதாவது ஏறத்தாழ 40 செ.மீ. கூடுதல். நெரிசல் நேரத்தில் நின்றுகொண்டு பயணம் செய்பவர்களுக்கு இடம் தருவதற்காகவே இந்த அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகருக்குள் அது பெரும் வரம். ஆனால் அத்தகைய பெட்டி ஓட வேண்டுமானால் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, சிக்னல் கம்பங்களும் நடைமேடைக் கூரைத் தூண்களும் நிற்கும் தூரம், பாலங்களின் பக்கச் சுவர்கள் என எல்லாவற்றையும் அந்த அகலத்துக்கு ஏற்பச் சரிபார்த்து அனுமதி தர வேண்டும். புறநகர்ப் பிரிவுகளில் அந்த வேலை முடிந்திருக்கிறது. நாட்டின் ஏனைய பெரும்பாலான பாதைகளில் முடியவில்லை. மெமு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. விரைவு ரயில் எங்கெல்லாம் போகிறதோ, மேலே மின்கம்பி இருந்தால் அங்கெல்லாம் அதுவும் போகலாம்.

அடுத்தது நடைமேடை. இந்திய ரயில்வேயில் உயர்மட்ட நடைமேடை என்பது தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை உயரமுள்ளது. நடுத்தர நடைமேடை 455 மி.மீ. இதற்கும் கீழே, ஏறத்தாழ தண்டவாள மட்டத்திலேயே சரளை பரப்பிய நடைமேடைகளும் சிறு நிறுத்தங்களில் உண்டு. பெட்டியின் தளமோ தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயர்மட்ட நடைமேடையிலிருந்து அது ஒரே எட்டு. நடுத்தர நடைமேடையிலிருந்து முக்கால் மீட்டர் ஏற வேண்டும். தண்டவாள மட்டத்திலிருந்து என்றால் ஒரு மீட்டருக்கு மேல். புறநகர் ரயில் பெட்டி, நிற்கும் இடமெல்லாம் உயர்மட்ட நடைமேடை இருக்கும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது. ஆகவே அதன் அகன்ற வாசல் தளத்தோடு முடிந்துவிடுகிறது. மெமுவின் வாசலில், பெட்டிக்குள் குடைந்ததுபோல் கீழிறங்கும் படிகள் வைக்கப்பட்டன. சிறு நிறுத்தங்களில் பூக்கூடையோடு வரும் ஒரு பெண் முதலில் கூடையைத் தூக்கி வாசலில் வைத்து, உள்ளிருப்பவர் அதை இழுத்துக்கொண்ட பிறகு, இரு பக்கக் கைப்பிடிகளையும் பற்றி ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்தால், இந்தப் படிகள் எவ்வளவு தேவையானவை என்பதும், ஒரே ஒருவர் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதும் ஒருசேரப் புரியும்.

கழிப்பறையும் இதைப் போன்றதே. புறநகர் ரயிலில் அது கிடையாது. முக்கால் மணி, ஒரு மணி நேரப் பயணத்துக்கு அதற்கான இடத்தையும் நிற்பவர்களுக்கே கொடுப்பது சரி என்று கருதப்பட்டது. மெமுவில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் மக்கள் அமர்ந்து செல்கிறார்கள். தொடக்ககால மெமு ரேக்குகளில் (ரேக் என்பது ஒன்றாகக் கோத்த முழுப் பெட்டித் தொடர்) கழிப்பறை இல்லாதவையும் ஓடின. அது பயணிகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் முதியோருக்கும், இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் சொல்வேன். பின்னர் வந்த ரேக்குகளில் அந்தக் குறை களையப்பட்டது. இப்போதைய புதிய வகையில் உயிரிக் கழிப்பறைகள் உள்ளன.

நிலையங்களுக்கு இடையிலான தூரத்துக்கு வருவோம். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே சுமார் 29 கி.மீ.; அதற்குள் இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள். சராசரியாக 2 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் ஒரு நிறுத்தம். செங்கல்பட்டைத் தாண்டினால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. படாளம், மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், தொழுப்பேடு, ஒலக்கூர், திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று போகும் அந்த 100 கி.மீ. சொச்சத்தில் நிறுத்தங்கள் சராசரியாக ஆறு கி.மீ. இடைவெளியில் வருகின்றன. முதல் வகைப் பாதையில் உச்ச வேகத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. அதை எட்டுவதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். அங்கே வேண்டியது புறப்பட்ட உடனே வேகமெடுப்பதும், சட்டென்று நிற்பதும். இரண்டாம் வகைப் பாதையில் இவற்றோடு நல்ல உச்ச வேகமும் வேண்டும், ஏனெனில் பின்னால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் விரைவு ரயில் வந்துகொண்டிருக்கும்.

இஞ்சின் இழுக்கும் பயணிகள் ரயிலைவிட மெமு ஏன் மேலானது என்பதும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. வழக்கமான மெமுவின் அடிப்படைத் தொகுதி நான்கு பெட்டிகள் கொண்டது: ஓட்டுநர் அறையோடு கூடிய ஒரு மோட்டார் பெட்டி, மோட்டார் இல்லாத மூன்று பெட்டிகள். இரண்டு தொகுதிகளைச் சேர்த்தால் 8 பெட்டி ரேக், மூன்றைச் சேர்த்தால் 12, நான்கைச் சேர்த்தால் 16. மோட்டார் பெட்டியின் நான்கு அச்சுகளிலும் மோட்டார் உண்டு. எத்தனை தொகுதிகளைச் சேர்க்கிறோமோ அத்தனை மடங்கு இழுவிசையும் சேர்ந்தே கூடுவதால், நீளம் கூடினாலும் வேகமெடுக்கும் திறன் குறையாது. இஞ்சின் வண்டியில் பெட்டிகளைக் கூட்டக் கூட்ட ஒற்றை இஞ்சினின் சுமைதான் ஏறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓய்விலிருந்து மணிக்கு 90 கி.மீ. வேகத்தை எட்டுவதற்கு, விநாடிக்கு விநாடி 0.3 மீட்டர் வீதம் வேகம் கூடும் வண்டிக்கு 83 விநாடிகள் ஆகும், 0.5 மீட்டர் வீதம் கூடும் வண்டிக்கு 50 விநாடிகள் போதும். வேகமெடுக்கும் நேரத்திலும் வண்டி முழு வேகத்தில் போகும் தூரத்தில் பாதியைக் கடந்துவிடுவதால், இந்த 33 விநாடி வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒவ்வொரு புறப்பாட்டிலும் 16 அல்லது 17 விநாடிகள் மிச்சம். பதினேழு நிறுத்தங்களில் அது ஏறத்தாழ ஐந்து நிமிடம். இதில் பிரேக் பிடிக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை. மின்தொடர் வண்டிகளின் பிரேக் மின் சமிக்ஞையால் இயங்குவதால் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. காற்றழுத்தம் குழாய் வழியே முன்னிருந்து பின்னுக்குப் பரவும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனினும், என் கருத்தில், இஞ்சின் இல்லாமையின் மிகப் பெரிய ஆதாயம் கடைசி நிலையத்தில்தான் கிடைக்கிறது. இஞ்சின் வண்டி ஒன்று விழுப்புரம் வந்து திரும்ப வேண்டுமென்றால், இஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியே மறுமுனைக்குக் கொண்டுபோய், கோத்து, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதித்த பிறகே புறப்பட முடியும். அதற்குப் பணியாளர்களும் வேண்டும், காலியான ஒரு பாதையும் வேண்டும், நல்ல நாளிலேயே அரை மணி நேரம் போகும். மெமுவில் ஓட்டுநர் தன் சாவியை எடுத்துக்கொண்டு மறுமுனை அறைக்கு நடந்துபோனால் போதும். 12 பெட்டி ரேக் என்றால் ஏறத்தாழ 250 மீட்டர் நடை. ஒரே நாளில் அதே ரேக்கைக் கூடுதலாக ஒரு முறை ஓட்டிவிட இந்த மிச்ச நேரமே வழி செய்கிறது. கோயம்புத்தூர்–மேட்டுப்பாளையம், விழுப்புரம்–புதுச்சேரி போன்ற குறுகிய பாதைகளில் மெமு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

இனி உள்ளே இருக்கும் இயந்திரம். மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பென்டோகிராஃப் என்ற மடிப்புக் கை 25 கிலோவோல்ட் மின்சாரத்தை எடுத்து மின்மாற்றிக்குத் தருகிறது. பழைய வகையில், மின்மாற்றியின் சுருளில் பல இடங்களில் எடுக்கப்பட்ட இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள். அந்த மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு மோட்டாருக்குப் போகும். மோட்டார் பெட்டியில் உட்கார்ந்திருந்தால், வண்டி புறப்படும்போது இணைப்புகள் மாறும் டக் டக் ஓசையையும், ஒவ்வொரு ஓசைக்கும் பிறகு முதுகில் லேசாக ஒரு தள்ளல் விழுவதையும் உணரலாம். புதிய மூன்று கட்ட (three-phase) ரேக்குகளில் அந்தத் தள்ளல் இல்லை. மின்னணுக் கருவிகள் அலைவெண்ணைச் சிறுகச் சிறுகக் கூட்டி மூன்று கட்ட மோட்டார்களை இயக்குகின்றன. மெல்லத் தொடங்கிச் சுருதி ஏறும் ஒரு ரீங்காரத்தோடு வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது சில இடங்களில் விளக்குகள் சில விநாடிகள் அணைந்து எரிவதைப் பார்த்துப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு கட்டத்திலிருந்து மின்சாரம் தருவதால், இரண்டும் கலந்துவிடாதபடி இடையில் மின்சாரமற்ற ஒரு சிறு துண்டு விடப்பட்டிருக்கும். அதைக் கடக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வண்டி தன் வேகத்திலேயே உருண்டு போகிறது.

மூன்று கட்ட மோட்டாரின் உண்மையான பெருமை அது பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். பயணிகளோடு 500 டன் எடையுள்ள ஒரு ரேக் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 43 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பழைய வகையில், ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் பிரேக் கட்டைகளில் வெப்பமாகி வீணாகும். கட்டைகளும் சக்கரங்களும் தேயும். அடுத்த நிலையத்தை நோக்கிக் கிளம்பும்போது அத்தனை யூனிட்டையும் மறுபடி கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். மூன்று கட்ட வகையிலோ பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலில் கணிசமான பகுதியைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது; அருகில் ஓடும் இன்னொரு ரயில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மும்பையில் 2007-இல் வந்த மூன்று கட்டப் புறநகர் ரேக்குகளில் சுமார் 30 விழுக்காடு மின்சாரம் மிச்சமாயிற்று. அடிக்கடி நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் இல்லை. மூன்று கட்ட மெமுவின் உச்ச வேகம் மணிக்கு 110 கி.மீ.; துருப்பிடிக்காத எஃகு உடல், மெத்தை இருக்கை, அடுத்த நிலையத்தைச் சொல்லும் அறிவிப்புப் பலகை, கண்காணிப்புக் கேமரா ஆகியவை அதோடு வந்தன.

இந்த வகைகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடியது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931-இல் அதே 1,500 வோல்ட்டில் மின்சார ரயில் வந்தது. 1957-இல் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்தை இந்திய ரயில்வே தேர்ந்தெடுத்த பிறகு, 1960-களில் இந்தப் பாதையும் அதற்கு மாறியது. மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. ஆகவே விழுப்புரத்துக்கு மின்பாதை புதிதன்று. அந்த நாட்களில் நெடுந்தூர வண்டிகளை ஒய்.ஏ.எம்.-1 வகை மீட்டர் கேஜ் மின் இஞ்சின்கள் இழுத்தன, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான மீட்டர் கேஜ் மின்தொடர் ரேக்குகள் புறநகரைப் பார்த்துக்கொண்டன. அகலப்பாதை மாற்றத்தோடு கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் சேவை 2004-இல் முடிவுக்கு வந்தது. மெமு என்ற வகை 1995-இல் கிழக்கே அசன்சோல்–ஆத்ரா பகுதியில் தொடங்கியது. நிலக்கரியும் இரும்பும் சார்ந்த அந்தத் தொழிற்பகுதியில் மின்கம்பி முன்பே இருந்தது. வேலைக்குப் போய்வரும் மக்களும் இருந்தார்கள். நிலையங்கள் சாதாரண நடைமேடை கொண்டவை. மெமுவுக்கு அதைவிடச் சரியான பிறப்பிடம் அமைந்திருக்க முடியாது. பின்னாளில் நாட்டின் அகலப் பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டதால், டீசலில் ஓடிய டெமு வண்டிகளின் இடத்தையும் பழைய இஞ்சின் பயணிகள் வண்டிகளின் இடத்தையும் மெமு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு வருகிறது. சென்னைக் கடற்கரை–வேலூர் கண்டோன்மென்ட் மெமு 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டதை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

மெமுவின் குறையைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. அதன் பெரிய குறை வாசல்தான். இழுவிசை கூடிவிட்டது, உச்ச வேகம் கூடிவிட்டது. ஆனால் காலையில் மதுராந்தகத்திலோ திண்டிவனத்திலோ ஒரே நேரத்தில் நூறு பேர் ஏறும்போது, அட்டவணையில் உள்ள ஒரு நிமிட நிறுத்தம் இரண்டு நிமிடமாகிவிடுகிறது. நான் மேலே கணக்கிட்ட அந்த 17 விநாடி மிச்சம் ஒரே நிறுத்தத்தில் கரைந்துபோகிறது. புது ரேக் எப்போது வரும் என்று கேட்கும் பயணிகள் சங்கங்கள், எங்கள் நிலைய நடைமேடையை எப்போது 840 மி.மீ.க்கு உயர்த்துவீர்கள் என்றும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும். நடைமேடையை உயர்த்தும் செலவு ஒரு முறைதான். பயன் அங்கே நிற்கும் எல்லா ரயில்களுக்கும். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவருக்கு அது தரும் நிம்மதியை விநாடிக் கணக்கில் அளக்கவும் முடியாது.

குளிரூட்டப்பட்ட தானியங்கிக் கதவு ரயில்களைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. மும்பையில் 2017 டிசம்பர் 25 அன்றும், சென்னையில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலிலும் அத்தகைய புறநகர் ரயில்கள் ஓடத் தொடங்கின, இரண்டும் ஐ.சி.எஃப். தயாரிப்பு. 2024 செப்டம்பர் 16 அன்று புஜ்–அகமதாபாத் இடையே தொடங்கிய நமோ பாரத் ரேபிட் ரயில், நகரங்களுக்கு இடையிலான நடுத்தரத் தூரத்துக்கான குளிரூட்டப்பட்ட மின்தொடர் வண்டி. உண்மையில் மெமுவின் அடுத்த தலைமுறை என்று அதைத்தான் கருத வேண்டும். ஆனால் கதவு தானாக மூடினால்தான் வண்டி நகரும் என்ற ஏற்பாடு, கடைசி நொடியில் தொற்றி ஏறும் பழக்கமுள்ள தாழ்வான நடைமேடைகளில் நிறுத்த நேரத்தை இன்னும் கூட்டும். அங்கேயும் முதல் வேலை நடைமேடையை உயர்த்துவதே. கட்டணமும் கவனிக்கத்தக்கது. 2024 பிப்ரவரியில் சாதாரணப் பயணிகள் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து மீண்டும் 10 ரூபாய்க்குக் கொண்டுவரப்பட்டதால்தான் கூலி வேலைக்குப் போகிறவர்கள் மெமுவுக்குத் திரும்ப முடிந்தது. எவ்வளவு நல்ல வண்டி வந்தாலும் அவர்களைக் கீழே இறக்கிவிட்டு வரக் கூடாது.

ஆகவே, புறநகர் ரயிலை அப்படியே விழுப்புரம் வரை நீட்டிக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. அகலத்துக்கும் நடைமேடைக்கும் ஆகும் செலவு ஒருபுறம் இருக்க, கழிப்பறையில்லாத வண்டியில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் உட்காரச் சொல்வது நியாயமாகாது. அதோடு, எழும்பூர்–தாம்பரம் இடையே நான்கு பாதைகளும் செங்கல்பட்டு வரை மூன்று பாதைகளும் உள்ளன. அதற்கு அப்பால் இரட்டைப் பாதைதான். தென் மாவட்ட விரைவு ரயில்கள் அனைத்தும் செல்லும் அந்த இரட்டைப் பாதையில், எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் வண்டி விரைவு ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாக வேண்டும். ஒவ்வொரு ஒதுங்கலும் பத்து, பதினைந்து நிமிடத்தை விழுங்கும். கேட்க வேண்டியது 12 பெட்டி மூன்று கட்ட மெமு ரேக்குகள், காலையிலும் மாலையிலும் இப்போது உள்ளதைவிட நெருக்கமான இடைவெளியில். செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் அவை வந்து சேரும் நேரத்துக்கு ஏற்பப் புறப்படும் புறநகர் ரயில்கள். செங்கல்பட்டு–விழுப்புரம் இடையே மூன்றாவது பாதை. இவற்றில் முதல் இரண்டுக்கும் நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை என்பதால், கோரிக்கை மனுவில் அவற்றை மேலே வைப்பது நல்லது.